கோணல் முக்கோணங்கள்

எங்களுள் ஒருவர் முப்பத்தோராண்டு காலம் பெண்கள் பள்ளியொன்றில் தையற்கலை பயிற்றுவித்தவர். மற்றவர் அதே ஊரில் கணிதம் போதித்து ஓய்வு பெற்றவர். ஆகவே, துணியை முக்கோணமாக வெட்டிச் சதுரமாகத் தைப்பதென்பது எங்கள் இருவருக்கும் ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அந்தத் துணிச்சலோடுதான் 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்க நாட்டின் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் எங்கள் மகளின் வீட்டில், காலஞ்சென்ற மருமகனின் சட்டைகள் மீது கத்தரிக்கோலை வைத்தோம்.

மருமகன் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் இறந்தார். அவருடைய உடைகளையெல்லாம் மகள் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நான்கு சட்டைகளை மட்டும் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அந்தப் பெட்டியை எங்கள் முன் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா, இவற்றை ஒரு போர்வையாகத் தைத்துக் கொடுங்கள். பையன் போர்த்திக்கொள்ளட்டும்" என்றாள். பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. வேறு எதையும் அவள் எங்களிடம் கேட்டதில்லை.

அந்நாட்டார் 'குவில்ட்' என்று வழங்கும் ஒட்டுப் போர்வையை வாசகர்கள் படத்திலேனும் கண்டிருக்கக்கூடும். மேலே சிறு துண்டுகளை இணைத்த முகப்பு, நடுவே பஞ்சுப் படலம், அடியிலே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து ஊடுருவத் தைத்துவிடுவார்கள். நம் வீடுகளில் பழஞ்சேலைகளை அடுக்கிக் குழந்தைக்குத் தைக்கும் விரிப்புக்கு இது தூரத்து உறவு எனலாம். ஆனால் முகப்பை அமைப்பதில் அவர்கள் காட்டும் கணக்கு நம் சேலை விரிப்பில் இல்லை. முக்கோணங்களைச் சேர்க்கும் முறைக்கேற்ப 'பறக்கும் வாத்துகள்', 'ஒஹாயோ விண்மீன்', 'உடைந்த தட்டுகள்', 'காற்றாடி' என்றெல்லாம் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பேரன் காற்றாடியைத் தேர்ந்தெடுத்தான். நிறத்துணி முக்கோணம் ஒன்றும் வெண்துணி முக்கோணம் ஒன்றும் சேர்ந்தால் ஒரு சதுரம். அப்படி நான்கு சதுரங்களைச் சுழல வைத்தால் ஒரு காற்றாடி. அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு, ஆக 48 காற்றாடிகள். அதற்கு 192 சதுரங்கள் வேண்டும். ஒரு சட்டைக்கு 48 முக்கோணம் வீதம் நான்கு சட்டைகளுக்கும் கணக்கு நேராக வந்தது. வெட்டி முடித்தபோது காலர்களும், கைப்பட்டிகளும், இரண்டு பைகளும், ஒரு கைப்பிடித் துணுக்குகளுமே எஞ்சின.

எங்களுள் கணிதம் அறிந்தவர் தாளில் போட்ட கணக்கு இதுதான்: தைத்து முடிந்த சதுரம் 4 அங்குலம், தையலுக்குள் மறைய இருபுறமும் கால் கால் அங்குலம், ஆகவே முக்கோணத்தின் பக்கம் 4½ அங்குலம். அட்டையில் அந்த அளவுக்கு ஒரு முக்கோணம் வெட்டி, அதைச் சட்டைத் துணியில் வைத்துப் பென்சிலால் வரைந்து, ஒவ்வொன்றாகக் கத்தரித்தோம். தையல் அறிந்தவர் இயந்திரத்தில் உட்கார்ந்து, பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு ஒட்டி ஓட்டி, நான்கே நாளில் 192 சதுரங்களையும் தைத்து முடித்தார். மற்றவர் ஒவ்வொன்றையும் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து அடுக்கினார். அடுக்கைப் பார்க்க அழகாகவே இருந்தது. ஒன்றைக்கூட நாங்கள் அளந்து பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் முதல் காற்றாடியைச் சேர்த்தோம். நடுவில் எட்டு முனைகள் ஒரு புள்ளியில் கூட வேண்டும். கூடவில்லை. ஒரு முனை தையலுக்குள் புதைந்தது, ஒன்று கால் அங்குலம் எட்டி நின்றது, ஓரமெல்லாம் படிக்கட்டு. வேறு நான்கை எடுத்தோம், அதுவும் அப்படியே. பிறகுதான் ஸ்கேலை எடுத்தோம். 4½ அங்குலம் இருக்க வேண்டிய சதுரம் எதுவும் அந்த அளவில் இல்லை. பல 4 அங்குலத்துக்கும் குறைவு. சில சதுரமே அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இழுத்துவிட்ட பட்டம்போல் இருந்தன. வேலையிலிருந்து திரும்பிய மகள் மேசையைப் பார்த்தாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சிறிது நேரம் நின்றுவிட்டு, "பரவாயில்லை, விட்டுவிடுங்கள் அம்மா" என்று அறைக்குள் போய்விட்டாள். கடிந்துகொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது. வெண்துணி கடையில் கிடைக்கும். அந்தச் சட்டைகள் எந்தக் கடையில் கிடைக்கும்?

அடுத்த வீட்டில் எண்பதைக் கடந்த மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்தார். ஐம்பதாண்டுகளாகப் போர்வை தைப்பவர் என்று மகள் முன்பே சொல்லியிருந்தாள். எங்கள் ஆங்கிலம் அவருக்குப் புரியுமோ என்ற கூச்சத்தால் அதுவரை அவர் வீட்டுப் படி ஏறாதிருந்தோம். மறுநாள் காலை ஏறினோம். தட்டில் இருபது சதுரங்களைக் கொண்டுபோனோம். சட்டை யாருடையது என்பதைப் பேரன்தான் சொன்னான். அவர் பதில் ஏதும் கூறாமல் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டம் போட்ட ஒரு பலகையை மேசையில் விரித்து, எங்கள் சதுரங்களை அதன்மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். மருத்துவர் நாடி பார்ப்பதுபோல் இருந்தது.

முதலில் அவர் கண்டுபிடித்தது கணக்காசிரியரின் பிழை. முக்கோணத்துக்கு இரண்டு நேர்ப்பக்கங்கள் மட்டுமா? மூன்றாவதாகச் சாய்ந்த நெடும்பக்கமும் தையலுக்குள் போகிறதல்லவா? அங்கே கால் அங்குலம் மறைந்தால், அது நேர்ப்பக்கத்தின் நீளத்தில் கால் அங்குலத்தைப்போல் 1.414 மடங்கைத் தின்றுவிடும். மூன்று தையலையும் கூட்டினால் சேர்க்க வேண்டியது சுமார் 0.854 அங்குலம். ஸ்கேலில் இதற்கு மிக அண்மையான கோடு ⅞ என்பதால், 'முடிந்த அளவோடு ⅞ கூட்டு' என்பது அந்நாட்டுப் பெண்களுக்கு வாய்ப்பாடு. 4 அங்குலச் சதுரத்துக்கு 4⅞ வெட்டியிருக்க வேண்டும். பிதாகரஸ் தேற்றத்தை முப்பதாண்டு கரும்பலகையில் எழுதியவர் அதைத் துணியில் மறந்துபோனார். (சதுரத்தை நான்காக வெட்டி எடுக்கும் முக்கோணமானால் 1¼ அங்குலம் கூட்ட வேண்டும் என்பதையும் அன்றே குறித்துக்கொண்டார்.)

இரண்டாவது பிழை தையலாசிரியையுடையது. பாதத்தின் ஓரத்தைத் துணியோரத்தில் வைத்து ஓட்டுவது கைப்பழக்கம். அந்தப் பாதத்தில் ஊசியிலிருந்து ஓரம் ⅜ அங்குலம். ரவிக்கைக்கு அது பாதகமில்லை. இங்கே ஒவ்வொரு சதுரத்திலும் பறிபோகிறது. மூதாட்டி அதற்கொரு சோதனை காட்டினார். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டிகளை வெட்டி அருகருகே தைத்து விரிக்க வேண்டும். நடுப்பட்டி சரியாக 1 அங்குலமும், மொத்தம் 3½ அங்குலமும் இருந்தால் தையல் சரி. துணி மடிவதற்கே ஓர் இழை செலவாகும் என்பதால், கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகவே தைப்பார்களாம். ஊசியிலிருந்து அளந்து இயந்திரத்தின் மீது ஓர் ஒட்டுநாடாவை ஒட்டி, அதை வரம்பாக வைத்துக்கொள்ளச் சொன்னார்.

பட்டம்போல் நீண்டவற்றின் காரணம்தான் எங்களை மிகவும் நாணச் செய்தது. துணியில் பாவு நெடுக்கே ஓடுகிறது, ஊடை குறுக்கே ஓடுகிறது. இந்த இரு திசையிலும் இழுத்தால் துணி கொடுக்காது. மூலைவாட்டில் இழுத்தால் ரப்பர்போல் நீளும். இதைத்தான் நம் தையற்காரர் 'கிராஸ்' என்பார்கள். அதை அறிந்துதானே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிராஸ் ரவிக்கையும் கிராஸ் பட்டியும் ஆண்டுதோறும் கற்பித்தோம்! ரவிக்கையில் அந்த நெகிழ்ச்சி உடம்போடு பொருந்துவதற்கு வேண்டிய குணம். முக்கோணத்திலோ நெடும்பக்கம் முழுதும் கிராஸ். அதைத் தனியே வெட்டி, கையிலே எடுத்து, இயந்திரத்தில் இழுத்துத் தைத்து, பிறகு இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தால் நீளாமல் என்ன செய்யும்? ஒரே குணம் ஓரிடத்தில் உதவியும் வேறோரிடத்தில் இடையூறுமாக நிற்பதை அறுபத்தைந்து வயதில் தெரிந்துகொண்டோம்.

துணி தாராளமாக இருக்கும்போது இந்தத் தொல்லை வராமலே காக்கும் வழி மிகவும் எளியது. முக்கோணத்தை வெட்டவே கூடாது. துணிக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, நிறத்துணியிலும் வெண்துணியிலும் ஒவ்வொரு சதுரம் வெட்டி, முகத்தோடு முகம் வைத்து, வெண்துணியின் பின்புறத்தில் மூலைக்கு மூலை கோடு கிழிக்க வேண்டும். கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்த பிறகே கோட்டின்மேல் வெட்டுவது. இரண்டு சதுரங்கள் ஒருங்கே பிறக்கின்றன. கிராஸ் ஓரம் தைக்கப்படும் முன் ஒரு கணமும் வெளியே வருவதில்லை. இன்னும் நிதானமானவர்கள் 4⅞-க்குப் பதில் 5 அங்குலமாக வெட்டி, தைத்தபின் 4½-க்குச் சீவிவிடுவார்கள். துணி சற்று வீண்தான், மனம் வீணாவதில்லை. 1979-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஒல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த உருளைக் கத்தி இந்தச் சீவும் வேலையை மிகவும் எளிதாக்கிவிட்டது. அதற்கு முன் எல்லாம் அட்டையும் கத்தரிக்கோலும்தான். நாங்கள் அந்தப் பழைய காலத்திலேயே இருந்துவிட்டோம்.

ஆனால் எங்கள் முக்கோணங்கள் ஏற்கெனவே வெட்டப்பட்டவை. மூதாட்டி பென்சிலை எடுத்துக் கணக்காசிரியரிடம் கொடுத்தார். ⅜ தையலைப் பிரித்துக் கால் அங்குலமாகத் தைத்தால் சதுரம் என்ன அளவு வரும்? 4½-இலிருந்து 0.354 போனால் 4.146, அதாவது 4⅛ அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூடுதல். "4 அங்குலமாகச் சீவுங்கள். ஒன்றுகூட வீணாகாது" என்றார். முடிந்த சதுரம் 4 அன்று, 3½ ஆகும். காற்றாடி சிறுக்கும், போர்வை சிறுக்கும், முனைகள் கூடும். எல்லாவற்றையும் பெரிய அளவுக்கு இழுக்கப் பார்ப்பது புதிதாகத் தைப்பவர் செய்வது, மிகச் சிறியதன் அளவுக்கு மற்றவற்றைக் கொண்டுவருவதே பிழைக்கும் வழி என்று அவர் விளக்கினார்.

பிரிக்கும் வேலைக்குப் பதினோரு நாள் ஆயிற்று. நூலைப் பிடித்து இழுத்தால் கிராஸ் ஓரம் மறுபடியும் நீளும். எனவே ஒரு பக்கத்தில் நான்கைந்து தையலுக்கு ஒன்றாகக் கூர்முனையால் அறுத்து, மறுபக்கத்து நூலை மெல்ல உருவினோம். பேரன் அறுந்த நூல்களைப் பொறுக்கி ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டான். பழைய வெண்முக்கோணங்களைத் தள்ளிவிட்டோம். நிறத்துணி முக்கோணம் ஒவ்வொன்றையும் கஞ்சி நீரில் நனைத்து, தாளில் வரைந்த முக்கோணத்தின் மேல் வைத்து, நீண்ட ஓரத்தை விரல் நுனியால் உள்நோக்கித் தட்டித் தட்டிச் சேர்த்து, குண்டூசி குத்திக் காயவைத்தோம். பெரும்பாலானவை இசைந்தன. சாப்பாட்டு மேசை, படுக்கை, சன்னல் திண்ணை எங்கும் மருமகனின் சட்டைகள் முக்கோணமாய்க் காய்ந்துகொண்டிருந்தன. அந்நாட்களில் மகள் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

புதிய வெண்துணியைக் கஞ்சி போட்டு விறைப்பாக்கி, 5 அங்குல அளவில் பெரிதாகவே வெட்டினோம். இரண்டின் நெடும்பக்கங்களையும் நடுவில் மடித்துக் குறி செய்து, குறியோடு குறி பொருத்திக் குண்டூசி குத்தினோம். சற்று நீண்டே நின்ற முக்கோணத்தைக் கீழே வைத்துத் தைக்கச் சொன்னார் மூதாட்டி. இயந்திரத்தின் அடியிலுள்ள பற்கள் மிகுதியான துணியைச் சிறிது சிறிதாக உள்வாங்கிக்கொள்கின்றன. எந்தச் சிகிச்சைக்கும் அடங்காத பதினாறு துண்டுகள் மிக மெல்லிய சட்டையைச் சேர்ந்தவை. அவற்றை மெல்லிய தாளோடு சேர்த்து, நெருக்கமான தையலில் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்தோம். இங்கிலாந்தில் தாளச்சுகளின் மேல் துணியை மடித்துத் தைக்கும் பழைய முறை ஒன்று உண்டு. முடிவுபெறாத பழம்போர்வைகளுக்குள் அந்தத் தாள்கள் அப்படியே இருந்து, காலத்தைக் கணிக்க ஆய்வாளருக்கு உதவுவதும் உண்டாம்.

ஒரு சங்கடம் மட்டும் எதிர்பாராமல் வந்தது. ⅜-இல் குத்திய பழைய ஊசித் துளைகள் இப்போது தையலுக்கு வெளியே, முகப்பில் வரிசையாகத் தெரிந்தன. ஈரத்துணியால் ஒற்றி நகத்தால் மெல்லத் தேய்த்தபின் இழைகள் கூடிப் பெரும்பாலும் மறைந்தன. நீலச் சட்டையில் மட்டும் உற்றுப் பார்த்தால் இன்றும் தெரியும்.

இஸ்திரி போடுவதைத் தையலாசிரியை தம் கையிலேயே எடுத்துக்கொண்டார். முதலில் தையலை மூடியபடியே பெட்டியை வைத்து எடுத்தல். பின் விரித்து, தையல் விளிம்பை நிறத்துணிப் பக்கம் சாய்த்து, மீண்டும் வைத்து எடுத்தல். தள்ளுவது என்பதே கிடையாது. எல்லா விளிம்பும் நிறத்துணிப் பக்கமே சாய்ந்தால், இரண்டு சதுரங்களைச் சேர்க்கும்போது விளிம்புகள் எதிரெதிராக நின்று ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன; எட்டு முனைகள் கூடும் இரகசியம் அங்கேதான் இருக்கிறது. சீவுவதைக் கணக்காசிரியர் ஏற்றார். சதுர ஸ்கேலின் 45 பாகைக் கோட்டைத் தையலின்மேல் வைத்து இரண்டு பக்கம்; திருப்பி வைத்து மற்ற இரண்டு பக்கம். 192 முறை. ஒரே ஒருமுறை விரலையும் சீவிக்கொண்டார்.

மாலை நேரங்களில் மூதாட்டி வந்து அமர்வார். கென்டக்கி மாநிலத்தில் எலிசபெத் ரோஸ்பெரி மிச்செல் என்ற அம்மையார், ஒஹாயோவில் புதைத்துவிட்டு வந்த தம் இரு பிள்ளைகளை எண்ணி 1843-ஆம் ஆண்டில் கல்லறைத் தோட்டத்தையே ஒரு போர்வையில் தைத்த வரலாற்றை அவர் சொல்லித்தான் அறிந்தோம். போர்வையின் ஓரத்தில் குடும்பத்தினர் பெயரிட்ட சவப்பெட்டித் துண்டுகள் இருக்கின்றனவாம். கடவுள் ஒருவரே குறையற்றவர் என்பதால் அக்காலத்துப் பெண்கள் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துத் தைப்பார்கள் என்ற கதையை எங்கோ படித்திருந்தோம், அதைக் கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். பின்னாளில் கட்டிய கதை அது, சான்று இல்லையென்று ஆய்வாளர்களே சொல்கிறார்கள் என்றார். "வேண்டாமலே வருகிற பிழைகள் போதாதா?" என்று எங்கள் மேசையைக் காட்டினார். அன்றுதான் மகள் நெடுநாளைக்குப்பின் வாய்விட்டுச் சிரித்தாள்.

செப்டம்பரில் 48 காற்றாடிகளும் சேர்ந்தன. 48-க்கு 64 அங்குலம் வரவேண்டிய முகப்பு, 42-க்கு 56 தான் வந்தது. வளரும் பிள்ளைக்கு அது போதாது. ஊரிலிருந்து புறப்படும்போது எங்கள் பெட்டியின் அடியில் ஒரு பொருளை வைத்திருந்தோம். மகளிடம் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமலே மூன்று மாதமாக அது அங்கேயே கிடந்தது. திருமணத்தன்று மாலை மருமகன் உடுத்தி, எங்கள் வீட்டிலேயே விட்டுப்போன நான்கு முழ வேட்டி அது. அன்றிரவு அதை எடுத்து அவளிடம் கொடுத்தோம். நெடுநேரம் மடியில் வைத்திருந்தாள். பிறகு, "இதை வெட்டும்போது அளந்து வெட்டுங்கள் அப்பா" என்றாள்.

அளந்தே வெட்டினோம். பாவு ஓடும் நெடுக்கில் பட்டிகள் எடுத்தோம். அத்திசையில் துணி நீளாது. போர்வையின் ஓரத்தை அளந்து பட்டி வெட்டக்கூடாது, கையாண்டு கையாண்டு ஓரம் நீண்டிருக்கும், நடுவில் அளக்க வேண்டும் என்பது மூதாட்டியின் கட்டளை. அளந்தபோது ஓரம் நடுவைவிடக் கால் அங்குலம் கூடுதலாகத்தான் இருந்தது; பட்டியோடு அதைக் குண்டூசியால் பகிர்ந்து அடக்கினோம். இருபக்கமும் 3 அங்குலம், மேலும் கீழும் 4 அங்குலம். போர்வை முதலில் எண்ணிய அளவுக்கே வந்துசேர்ந்தது.

பஞ்சு வைத்து முழுதும் தைத்து முடிக்க நவம்பர் ஆயிற்று. முதல் இரவு பேரன் அதன்மேல் படுத்து, தலை ஒரு பட்டியிலும் கால் மறு பட்டியிலும் எட்டுகிறதா என்று பார்த்தான். "ஆச்சி, இன்னும் பத்து அங்குலம் இருக்கு" என்று அடுக்களைக்கு ஓடிவந்து சொன்னான். கணக்காசிரியர் ஸ்கேலோடு போய் அளந்தார், பன்னிரண்டு இருந்தது.

அவன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். எங்கள் இருவரையும்விட உயரம். போர்வை காலை மூடுவதில்லை. கட்டிலின் கால்மாட்டில் மடித்துப் போட்டிருக்கிறான் என்று மகள் எழுதுகிறாள். துவைக்கும்போது நீலத் துண்டுகள் மேலே வரும்படி மடிக்கிறானாம்.